இத்தாலியில் ஒரு சின்ன ஊரில் சில மாதம் குடியிருப்பது: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் தொடக்கத்தில் கிளம்பிப் போய், நவம்பர் கடைசி வரைக்கும் இத்தாலியின் லூக்கா என்ற ஊரில் வீடு எடுத்துத் தங்கினோம். நான், கணவர், பத்து வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன். நடுவில் ஒரு மாதம் மாமியாரும் வந்து இருந்தார். திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளின் பள்ளித் தோழர்களின் அம்மாக்கள் என்று கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அதேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன்.

ரோம், வெனிஸ் எல்லாம் விட்டுட்டு ஏன் பேரு கேள்விப்படாத ஊருக்குப் போனீங்க?

லூக்கா டஸ்கனி மாநிலத்தில் இருக்கிறது. பிளாரன்சிலிருந்து ரயிலில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். சாய்ந்த கோபுரம் இருக்கும் பீசா அரை மணி நேரம். கடற்கரை ஊரான வியாரெஜ்ஜோ அதைவிடக் கிட்டே. பழைய ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் முழுசாக ஒரு கோட்டை மதில் நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து 17ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கட்டி முடித்தார்கள். எந்தப் படையும் வந்து முற்றுகையிடவில்லை. ஆனால் 1812இல் சேர்க்கியோ ஆறு கரை உடைத்து வந்தபோது வாசல்களை அடைத்து ஊரைக் காப்பாற்றியது இந்த மதில்தான். பிறகு மேலே மரம் நட்டு உலாவும் பாதையாக்கிவிட்டார்கள்.

எங்களுக்கு இந்த ஊரைப் பிடித்ததற்கு அந்த மதில்தான் முதல் காரணம். மேலே மண்மேடு ஒரு தெரு அகலத்துக்கும் மேல் இருக்கும், மேடு பள்ளம் கிடையாது, கார், பைக் வராது. பத்து வயதுப் பெண்ணைத் தனியாக சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிவா என்று அனுப்ப முடிகிற இடம். சுற்றிப் பார்க்கும் இடத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ரோம்தான் வரும். பிள்ளைகளின் அன்றாடத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால் இப்படி ஓர் ஊர்தான் வரும்.

குறைஞ்சது எத்தனை நாள் இருந்தா பிரயோஜனம்?

ஒரு மாதம். முதல் இரண்டு வாரம் எந்தக் கடை எப்போது மூடும், எந்தக் குப்பை எந்தக் கிழமை என்று பழகுவதிலேயே போய்விடும். பழகின பிறகு இருக்கும் நாட்கள்தான் நமக்கு மிச்சம். பத்து நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் வழக்கமான சுற்றுலாவே போய் வாருங்கள், அதுவும் நல்லதுதான்.

விசா எப்படி? மூணு மாசத்துக்குக் கொடுப்பாங்களா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் சுற்றுலா விசா வேண்டும். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகளைத்தான் ஷெங்கன் நாடுகள் என்கிறார்கள். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் மொத்தம் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். நடுவில் சுவிட்சர்லாந்து போனாலும் அதே 90தான். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் தேதியைப் பதியத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

கேட்ட நாட்கள் முழுசாகக் கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. விசா ஒட்டியில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. 'இத்தனை நாள் ஒரே ஊரில் என்ன செய்வார்கள்' என்ற சந்தேகம் அதிகாரிக்கு வருவது இயல்பு. அதற்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்: வீட்டு ஒப்பந்தம், அலுவலக விடுப்புக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், போதுமான வங்கி இருப்பு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருந்தால் 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கலாம்ல?

சுற்றுலா விசாவில் அதற்கு அனுமதி இல்லை. கணவர் சம்பளமில்லா விடுப்பில் வந்தார், நான் இரண்டு வேலைக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டேன். சட்டப்படி வேலை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால், தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்று 2024 ஏப்ரலில் இத்தாலி நடைமுறைக்குக் கொண்டுவந்த நீண்டகால விசா இருக்கிறது. உயர்தகுதி வேலை, ஆண்டுக்குச் சுமார் 25,000 யூரோவுக்குக் குறையாத வருமானம், காப்பீடு, தங்குமிடச் சான்று எல்லாம் கேட்பார்கள். அதில் போனால் இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இறங்கினதும் போலீஸ் ஸ்டேஷன் போய்ப் பதியணும்னு சொல்றாங்களே?

வெளிநாட்டிலிருந்து நேராக இத்தாலி விமான நிலையத்தில் இறங்கினால், எல்லைச் சோதனையில் நடக்கும் பதிவே போதும். பாரிஸ், பிராங்க்பர்ட் என்று வேறு ஷெங்கன் நாட்டில் இறங்கி மாறி வந்தால் எட்டு நாளுக்குள் காவல்துறை அலுவலகத்தில் 'வந்திருக்கிறோம்' என்று தெரிவிக்க வேண்டும். விடுதியில் தங்கினால் அங்கே எழுதிக் கொடுக்கும் படிவமே அதற்குச் சரி. இந்த அலைச்சலே வேண்டாம் என்றுதான் நாங்கள் வளைகுடா வழியாக நேரே இத்தாலிக்கு டிக்கெட் எடுத்தோம்.

வீட்டுக்காரர் பாஸ்போர்ட் கேட்டால் பயப்படாதீர்கள். தங்குபவர்களின் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிப்பது அவர் கடமை.

வீடு எப்படிப் பிடிச்சீங்க? ஏமாத்திட மாட்டாங்களா?

சுற்றுலாவுக்கு வாடகை விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாள எண் ஒன்று உண்டு. 2025 ஜனவரியிலிருந்து விளம்பரத்திலேயே அதைப் போட்டாக வேண்டும். எண் இல்லாத வீடு, 'முன்பணம் அனுப்புங்கள், அப்புறம் பார்க்கலாம்' என்கிற வீடு, இரண்டையும் விட்டுவிடுங்கள். முதல் வாரத்துக்கு மட்டும் இணையத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, மற்றதை நேரில் பார்த்து முடிக்கலாம். ஆனால் விசாவுக்குத் தங்குமிடச் சான்று முன்பே வேண்டும் என்பதால் நாங்கள் வீடியோவில் வீட்டைப் பார்த்து எழுத்து ஒப்பந்தம் போட்டோம்.

30 நாளுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிய வேண்டும். அதற்கு இத்தாலிய வரி அடையாள எண் தேவைப்படும், நம்மூர் பான் எண் போல. தூதரகம் வழியாகவே வாங்கிவிடலாம்.

வீடியோவில் பார்க்கும்போது ஓவியம் தீட்டிய கூரையைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, துணி உலர்த்தக் கொடி எங்கே, வெப்பமூட்டி யார் கையில், கரண்ட், கேஸ் வாடகையில் சேருமா என்று கேளுங்கள். பழைய ஊரில் பல வீடுகளில் லிப்ட் கிடையாது, படியும் செங்குத்து. குப்பையைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். சமையல் கழிவு, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, மிச்சம் என்று தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் கிழமை உண்டு. அந்தக் கிழமை அட்டவணைத் தாளை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். ஒரு வாரத்தில் பையனே 'இன்னிக்குக் காகிதம்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா, எது நல்லது அக்கா?

ஒரு மாதத்துக்கு மேல் இருப்பதானால் வெளியே என்பேன். உள்ளே அழகு. காலையில் தேவாலய மணியோடு எழுந்திருக்கலாம். ஆனால் வாடகை கூடுதல், படிக்கட்டு, வார இறுதியில் கூட்டம். வெளியே சான் கொன்கோர்தியோ, சான் மார்க்கோ மாதிரிப் பகுதிகளில் ஊர்க்காரர்கள் குடியிருக்கிறார்கள். பெரிய மளிகைக் கடை, பூங்கா, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேதான். பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் மதில் வாசல். வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: பழைய ஊருக்குள் அனுமதி இல்லாத கார் நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும், அபராதம் பின்னாலேயே வரும்.

மிக்சி எடுத்துட்டுப் போகலாமா? இட்லிக்கு என்ன பண்ணீங்க?

எடுத்துப் போகலாம். அங்கேயும் 230 வோல்ட்தான், மிக்சி அப்படியே ஓடும். நம்மூர் பிளக் மட்டும் நுழையாது, தடித்த முள்ளுக்கான அடாப்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மனதில் வைக்க வேண்டும். சாதாரண வீட்டுக்கு மின் இணைப்பே 3 கிலோவாட்தான். துணி துவைக்கும் இயந்திரம், மின் ஓவன், தண்ணீர் காயவைக்கும் பாய்லர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மொத்த வீடும் இருட்டாகிவிடும். சில கட்டடங்களில் கீழே போய் சுவிட்சைத் தூக்கிவிட வேண்டும். துணி ஓடும்போது அரைக்கிறதில்லை, அரைக்கும்போது ஓவன் போடுறதில்லை என்று ஒரு முறை வைத்துக்கொண்டால் சரி.

செப்டம்பரில் மாவு ராத்திரியில் பொங்கியது. நவம்பரில் பொங்கவே இல்லை, தோசையோடு நிறுத்திக்கொண்டோம்.

சைவம் சாப்பிடுறவங்க என்ன செய்யுறது? பிரெட்டும் சீஸும்தானா?

டஸ்கனி பருப்பும் பயறும் தின்கிற நாடு. வெள்ளை பீன்ஸ், கொண்டைக்கடலை, பக்கத்து மலைப்பகுதியான கார்ஃபன்யானாவில் விளையும் ஃபாரோ என்ற பழைய வகைக் கோதுமை, கறுப்பு நிற முட்டைக்கோஸ் இலை, இவற்றை வைத்தே பாதிச் சமையல் நடக்கிறது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய் மட்டும் சேர்த்துப் பெரிய தட்டில் விறகடுப்பில் சுடும் செசீனா என்ற பண்டம் பீட்சா கடைகளில் துண்டாகக் கிடைக்கும், கடலைமாவு தோசையைத் தடிமனாக வார்த்தது போல இருக்கும். மேலே மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார்கள். என் மாமியார் அந்த ஊரில் முதலில் மனசாரச் சாப்பிட்டது அதைத்தான்.

ஆனால் பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். ஃபாரோ சூப்பில் பன்றிக்கொழுப்பு போட்டுத் தாளிப்பது சாதாரணம். லூக்காவின் பேர் பெற்ற தோர்தெல்லி என்ற பாஸ்தாவுக்குள்ளே இறைச்சிதான். பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால் உறைய வைப்பது, கண்டிப்பான சைவர்களுக்கு ஆகாது. 'சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ', அதாவது இறைச்சியும் வேண்டாம், அதன் சாறும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் உள்ளே போய்ச் சமையல்காரரைக் கேட்டுவந்து சொல்வார்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், முதல் நாள் திகைக்காதீர்கள். சோம்பும் திராட்சையும் போட்ட புச்செல்லாத்தோ என்ற இனிப்பு ரொட்டி லூக்காவின் சொத்து. மாலைக் காப்பிக்கு அதைவிட நல்ல துணை எங்களுக்கு அங்கே கிடைக்கவில்லை.

காய்கறிக் கடையில் பழத்தைக் கையால் அமுக்கிப் பார்க்கக் கூடாது. எது வேண்டும், இன்றைக்கா நாளைக்கா என்று சொன்னால் அவர்களே பார்த்து எடுத்துத் தருவார்கள். பெரிய கடைகளில் பிளாஸ்டிக் கையுறை மாட்டி எடுத்து, நாமே எடை போட்டுச் சீட்டு ஒட்ட வேண்டும். அந்தக் காய்ப்பைக்கு ஓரிரு சென்ட் வாங்குவார்கள், மக்கும் பை என்பதால் வீட்டில் சமையல் கழிவுக்கு அதையே பயன்படுத்தலாம்.

நெய், கறிவேப்பிலை எல்லாம் பெட்டியில வச்சு அனுப்பட்டுமா?

வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை, நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்று இல்லாமல் அனுமதி கிடையாது. பொடி, புளி, அப்பளம், பெருங்காயம், பருப்பு இவற்றால் சிக்கல் இல்லை. வெண்ணெய் அங்கே நல்லதாகக் கிடைக்கும், வீட்டிலேயே நெய் காய்ச்சிவிட்டோம்.

அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா?

லூக்காவில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், பெரும்பாலும் சிங்களவர்கள். அதனால் தேங்காய்ப் பாலும் சிவப்பரிசியும் மசாலாவும் வைத்திருக்கும் கடை தேடினால் அகப்படும். இத்தாலியில் தமிழ்ச் சமூகம் வேரூன்றிய ஊர் என்றால் சிசிலித் தீவின் பலேர்மோ. ஈழத்துத் தமிழர்கள் பல குடும்பம் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊரின் காவல் புனிதை ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு இந்துக்களான நம்மவர்களும் நேர்ந்துகொண்டு நடந்து போகிறார்கள். தமிழ்ப் பேச்சு கேட்டால்தான் இருப்புக் கொள்ளும் என்பவர்கள் அந்த ஊரை யோசிக்கலாம்.

பிள்ளைங்க படிப்பு என்ன ஆச்சு?

பள்ளியில் முன்பே பேசி, பாடத்திட்டத்தை வாங்கிக்கொண்டு, காலையில் இரண்டு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்தோம். அஞ்சாம் வகுப்புக்கும் யூகேஜிக்கும் அது போதும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இருக்கும் பிள்ளையை இப்படிக் கூட்டிப் போகாதீர்கள் என்பதுதான் என் எண்ணம். வருகைப் பதிவும் தேர்வும் சேர்ந்து அவர்களைத்தான் அழுத்தும்.

அங்கே பள்ளியில் சேர்ப்பதற்கு இந்த விசாவும் இந்தக் கால அளவும் பொருந்தாது. அதற்குப் பதிலாக ஊர் நூலகமான அகொராவுக்கும், மதில்மேல் இருக்கும் விளையாட்டுத் திடலுக்கும் தினமும் போனோம். நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். பையனுக்கு மொழி ஒரு தடையாகவே இல்லை, பந்து இருந்தது. பெண்ணுக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. பத்து வயதில் பேச்சு இல்லாமல் நட்பு வராது. அவளுக்கு வாரம் இருமுறை இத்தாலிய மொழி டியூஷன் வைத்த பிறகு நிலைமை மாறியது.

மாமியாரைக் கூட்டிட்டுப் போனீங்களே, அவங்களுக்கு முட்டி வலியாச்சே?

அவர் வருவார் என்பதால்தான் லிப்ட் உள்ள வீடாகப் பார்த்தோம், மேலே வீட்டுக் கேள்வியில் சொன்னதில் முதல் இடம் அதற்குத்தான். லூக்கா சமதளமான ஊர் என்பது பெரியவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் பழைய ஊரின் கல்பாவிய தெருவில் செருப்பு ஆகாது, ஷூ வேண்டும். குயினீஜி கோபுரத்தின் உச்சியில் ஓக் மரங்கள் வளர்ந்திருக்கும், 200க்கு மேற்பட்ட படி. அவரைக் கீழே காப்பிக் கடையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் ஏறினோம்.

தினமும் சாயங்காலம் மதில் பெஞ்சில் உட்காரும் ஊர்ப் பாட்டிமார்களோடு அத்தை சேர்ந்துகொண்டார். அவர் தமிழில் பேசினார், அவர்கள் இத்தாலிய மொழியில் பேசினார்கள். பேரப்பிள்ளைகளின் படம் கைமாறியது. அத்தை ஊருக்குக் கிளம்பிய பிறகு, 'நோன்னா (பாட்டி) எங்கே' என்று எங்களை நிறுத்திக் கேட்டார்கள்.

உடம்பு சரியில்லேன்னா?

அவசரம் என்றால் 112. மருத்துவமனை அவசரப் பிரிவில் யாரையும் பார்ப்பார்கள், ஆனால் நோயின் தீவிரத்தைப் பொறுத்துத்தான் முறை வரும், சாதாரணக் காய்ச்சலுக்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரும். சளி, வயிற்றுவலிக்கு முதலில் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடைக்குப் போங்கள், மருந்தாளர் பொறுமையாகக் கேட்டுத் தருவார். ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாமல் கிடைக்காது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளுக்கு மருந்தின் வேதிப் பெயரோடு டாக்டர் சீட்டு எழுதி வாங்கிப் போவது முக்கியம், நம்மூர் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

குளிர் தாங்குமா? எந்த மாசம் போகலாம்?

வெப்பமூட்டியை நினைத்தபோது போட முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஊர் ஊராக மண்டலம் பிரித்திருக்கிறார்கள். லூக்கா இருக்கும் மண்டலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு 12 மணி நேரம். அக்டோபர் கடைசியில் கல்வீடு சில்லென்று ஆகும்போது கம்பளிதான் கதி. நவம்பரில் மழை உண்டு, துணி காய இரண்டு நாள் ஆகும். ஆனால் அந்த மாதம்தான் புது ஆலிவ் எண்ணெய் வரும். பச்சையாக, தொண்டையில் காரம் ஏறும். சுட்ட ரொட்டியில் ஊற்றிச் சாப்பிட்டால் உப்பில்லாத ரொட்டியின் மேல் இருந்த குறை எல்லாம் போய்விடும்.

அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் பெரிய காமிக்ஸ் திருவிழா நடக்கும். ஊரே நிரம்பி வழியும், வாடகையும் ஏறும். அந்த நாட்களையும் சேர்த்து முதலிலேயே ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும்.

மூணு மாசம் ஒரே ஊர்ல, போரடிக்கலையா?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை பல கடைகள் சாத்தியிருக்கும், தெரு வெறிச்சென்று இருக்கும். முதல் வாரம் அந்த நேரத்தை எதையாவது வைத்து நிரப்பப் பார்த்தோம். பிறகு நாங்களும் சாப்பிட்டுப் படுத்துப் புத்தகம் படித்தோம். ஆறு மணிக்கு ஃபில்லுங்கோ தெருவில் ஊரே நடக்க வரும், நாங்களும் போவோம்.

செப்டம்பர் 13 மாலை, சிலுவைத் திருநாளுக்கு முந்தைய நாள் கொண்டாட்டம். தேவாலயத்தில் இருக்கும் மரத்தாலான ஏசு திருவுருவத்துக்காக ஊரே விளக்கு வைக்கும். அந்தச் சிலை 8, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2020இல் மரத்தை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அன்று மத்தியானம், பழைய ஊருக்குள் குடியிருக்கும் எங்கள் பெண்ணின் டியூஷன் டீச்சர் அவளைக் கூப்பிட்டுக் கண்ணாடிக் குவளைகளைக் கையில் கொடுத்தார். ஜன்னல் விளிம்பில் கம்பி வளையங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு குவளை, உள்ளே மெழுகு. இருட்டியதும் தெருவிளக்கை அணைத்தார்கள். வீடு, கடை, கோயில் முகப்பு எல்லாம் மெழுகு வெளிச்சத்தில் நின்றன. சான் ஃப்ரெதியானோ கோயிலிலிருந்து ஊர்வலம் வந்தது. நாங்கள் கூட்டத்தோடு பின்னால் போனோம். அந்த ஜன்னலைத் தாண்டும்போது, அந்த வரிசை நான் வைத்தது என்று எங்கள் பெண் எல்லோரிடமும் காட்டினாள்.

வீட்டைத் தங்குமிடமாக வைத்துத் தினம் ஓர் ஊர் சுற்றினால் இதெல்லாம் கிடைக்காது. வாரம் ஒரு நாள் வெளியூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு?

விமான டிக்கெட்டும் வாடகையும்தான் பெரிய தொகை, இரண்டும் பருவத்தைப் பொறுத்தது. மாத வாடகை பேசினால் நாள் வாடகையைவிட நன்றாகக் குறையும், கேட்டால்தான் குறைப்பார்கள். வீட்டில் சமைத்தால் சாப்பாட்டுச் செலவு சென்னையில் வெளியே சாப்பிடும் குடும்பத்தின் செலவைவிடப் பெரிதாகக் கூடாது. காப்பி கல்லாவில் நின்று குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள், மேசையில் உட்கார்ந்தால் கூடும். உணவகத்தில் தலைக்கு இவ்வளவு என்று இருக்கைக் கட்டணம் தனியாகப் போடுவார்கள், அது ஏமாற்று அல்ல, பட்டியலில் அச்சிட்டிருக்கும். குடிதண்ணீர் காசு கொடுத்து வாங்கவில்லை, ஊர் நீரூற்றுகளில் பாட்டில் பிடித்துக்கொண்டோம். மண்டல ரயில்களில் நாலு வயதுக்குக் கீழே இலவசம், பன்னிரண்டு வரை பாதி டிக்கெட்.

நம்மள மாதிரி ஆளுங்க வந்து வீடு எடுக்கிறதால உள்ளூர்க்காரங்களுக்கு வாடகை ஏறுதுன்னு சொல்றாங்களே, அது தப்பில்லையா?

ஏறுவது உண்மை. பழைய நகரப் பகுதிகளில் வீடுகள் எல்லாம் குறுகியகால வாடகைக்குப் போய், குடியிருப்பவர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள். பிளாரன்ஸ் நகராட்சி தன் பழைய நகருக்குள் இப்படிப் புதிய வீடுகள் சேர்வதற்குத் தடை போட்டதும் இதனால்தான். மதிலுக்கு உள்ளே வேண்டாம் என்று நான் மேலே சொன்னதில் இதுவும் ஒரு காரணம்.

நாங்கள் எடுத்தது ஒரு பெரியவரின் வீடு. மகள் வீட்டில் இருக்கும் மாதங்களில் மட்டும் தன் வீட்டை வாடகைக்கு விடுகிறார், மற்ற நாளில் அவரே குடியிருக்கிறார். இப்படிப்பட்ட வீடுகள் தேடினால் உண்டு. ஏஜெண்டிடம் 'உரிமையாளர் ஆண்டில் எத்தனை மாதம் இங்கே வசிக்கிறார்' என்று நேராகக் கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து, வாடகையை முழுசாகக் கணக்கில் வரும்படி கொடுத்து, பதிவு செய்த ஒப்பந்தத்தோடு இருங்கள்.